ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற ஒலிபெருக்கி எது?

வீட்டில் ஓர் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஒலிபெருக்கிகளும் இருக்கின்றன. பாட்டு நன்றாகக் கேட்கிறது. அடுத்த அறையிலும் கேட்கட்டுமே என்று இன்னும் இரண்டு ஒலிபெருக்கிகளைக் கொண்டுவந்து, அதே முனைகளில் கம்பிகளைச் சேர்த்து முறுக்கிவிடுகிறோம். சிறிது நேரம் நான்கும் பாடுகின்றன. பிறகு கருகல் நாற்றம்! ஆம்ப்ளிஃபயர் ஊமையாகிவிடுகிறது. தவறு எங்கே நேர்ந்தது?

ஒலிபெருக்கியின் பின்புறத்தைப் பாருங்கள். '8 ஓம்' என்றோ '4 ஓம்' என்றோ அச்சிட்டிருக்கும். மாறுதிசை மின்னோட்டத்திற்கு அது காட்டும் எதிர்ப்பின் அளவு இது. இதற்கு மின்மறுப்பு என்று பெயர். இந்த எண் சிறிதாக ஆக, ஆம்ப்ளிஃபயரிலிருந்து பாயும் மின்னோட்டம் பெரிதாகும்.

தண்ணீர்த் தொட்டியில் ஒரு குழாயோடு இன்னொரு குழாயையும் திறந்தால், வெளியேறும் நீர் இரு மடங்காகிறது அல்லவா? 8 ஓம் ஒலிபெருக்கிகள் இரண்டைப் பக்க இணைப்பில் இணைப்பதும் அப்படித்தான். மொத்த மின்மறுப்பு 4 ஓமாகக் குறைந்துவிடுகிறது.

நீங்கள் படித்த ஓம் விதியைக் கொண்டு கணக்கிடுவோம். ஆம்ப்ளிஃபயர் 20 வோல்ட் தருவதாகக் கொள்வோம். 8 ஓம் வழியே 2.5 ஆம்பியர் பாயும். திறன் 50 வாட். 4 ஓம் ஆனால் 5 ஆம்பியர் பாயும். திறன் 100 வாட். 8 ஓமுக்கென்றே அமைக்கப்பட்ட டிரான்சிஸ்டர்கள் இந்தச் சுமையைத் தாங்கா. அவற்றில் தோன்றும் வெப்பமும் ஏறக்குறைய இரு மடங்காகும். பாதுகாப்புச் சுற்று இல்லையேல் அவை எரிந்துபோகும்.

தொடர் இணைப்பில் இணைத்தால் என்ன ஆகும்? மொத்தம் 16 ஓம், மின்னோட்டம் 1.25 ஆம்பியர், திறன் 25 வாட். ஆம்ப்ளிஃபயருக்கு ஆபத்தில்லை. ஆனால் ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் கிடைப்பது 12.5 வாட்தான். ஆகவே ஒலி குறையும்.

அடுத்தது வாட் கணக்கு. ஒலிபெருக்கியில் '100 வாட்' என்றிருந்தால், அது அவ்வளவு ஒலி தரும் என்று பொருளல்ல. அவ்வளவு திறனைத் தாங்கும் என்றே பொருள். ஒலியின் அளவை அறிய அதன் உணர்திறனைப் பார்க்க வேண்டும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளக்கும்போது ஒன்று 90 டெசிபெல்லும் மற்றொன்று 87 டெசிபெல்லும் தருகின்றன எனில், இரண்டாவதற்கு இரு மடங்கு திறன் கொடுத்தால்தான் முதலாவதற்கு ஈடாக ஒலிக்கும்.

சிறிய ஆம்ப்ளிஃபயரால் பெரிய ஒலிபெருக்கிக்குக் கேடில்லை என்று பலர் நினைக்கின்றனர். ஒலிக்குமிழை எல்லை மீறித் திருப்பினால், மின் அலைகளின் உச்சிகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. அப்போது மூலப் பாட்டில் இல்லாத உயர் அதிர்வெண்கள் தோன்றி, கீச்சொலிகளுக்கான 'ட்வீட்டர்' என்னும் சிறு ஒலிபெருக்கியை எரித்துவிடக்கூடும். ஒலி கரகரத்தால் உடனே குமிழைக் குறைத்துவிடுங்கள்.

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். எதிலும் இணைக்காத பழைய 8 ஓம் ஒலிபெருக்கியை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். ஏறக்குறைய 6 ஓம்தான் காட்டும்! மீட்டர் நேர்மின்னோட்டத்தால் அளப்பதால், கம்பிச்சுருளின் மின்தடை மட்டுமே தெரிகிறது. பின்னர் 1.5 வோல்ட் பாட்டரியை அதன் முனைகளில் ஒரு கணம் தொடுங்கள். 'டக்' என்ற ஒலியுடன் காகிதக் கூம்பு வெளியே தள்ளும். முனைகளை மாற்றித் தொட்டால் உள்ளே இழுக்கும். இரண்டு ஒலிபெருக்கிகளுள் ஒன்றை மட்டும் முனை மாற்றி இணைத்தால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். தாழ்ந்த ஒலிகள் மங்கிவிடும்.

ஆகவே, கம்பியை முறுக்குமுன் இரு கருவிகளின் பின்புறத்தையும் படியுங்கள். ஆம்ப்ளிஃபயரில் குறித்துள்ள ஓம் அளவுக்குக் கீழே மொத்த மின்மறுப்பு இறங்கவே கூடாது. ஒரு நிமிடக் கணக்கு, விலையுயர்ந்த கருவியைக் காப்பாற்றிவிடும்.