அடுப்பில்லாமல் ஓட்ஸ்

அடுப்பே மூட்டாமல் ஓட்ஸ் குழைவது எப்படி? ஆலையிலேயே ஆவியில் வெந்து, உருளையில் நசுங்கி, அவல் போலத் தட்டையாகித்தான் அது கடைக்கு வருகிறது. அதனால் இரவில் பாலோ தயிரோ ஊற்றி, மூடி, ஃபிரிட்ஜில் வைத்தாலே போதும். ஈரம் உள்ளே இறங்க இறங்க, பீட்டா குளுக்கான் என்னும் நார்ச்சத்து கரைந்து, விடிவதற்குள் கெட்டியான கூழாகிவிடும்.

ஓட்ஸை இப்படி ஊறவைத்துச் சாப்பிடும் வழக்கத்தைப் பரப்பியவர், சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர மருத்துவர் மேக்சிமிலியன் பிர்ஷர் பென்னர். காலம் 1900-ஐ ஒட்டியது. நோயாளிகளுக்கு அவர் கொடுத்த கிண்ணத்தில் ஓட்ஸ் ஒரே ஒரு மேசைக்கரண்டிதான். அதுவும் வெறும் தண்ணீரில் ஊறியது. மீதியெல்லாம் ஆப்பிள்! தோலோடும் நடுப்பகுதியோடும் அப்படியே துருவி, எலுமிச்சைச் சாறும் கண்டென்ஸ்டு மில்க்கும் கலந்து, மேலே பொடித்த பாதாம் தூவுவார்கள். பச்சைப் பழமே அவருக்கு மருந்து, ஓட்ஸ் அதற்குத் துணை. எவ்வளவு அருமையான யோசனை!

வீட்டில் செய்யும்போது ஓட்ஸை மட்டும் இரவே ஊறவைத்துவிடலாம். ஆப்பிளைச் சாப்பிடும் நேரத்தில் துருவிச் சேர்ப்பதே நல்லது. முன்கூட்டியே துருவினால் பழம் கறுத்துவிடும்.