விசைப்பலகை வேடமிடும் சில்லு

கணிப்பொறியின் விசைப்பலகையில் 'ஏ' என்ற விசையை அழுத்துகிறீர்கள். உடனே திரையில் அந்த எழுத்து தோன்றுகிறது. இடையில் கம்பி வழியே சென்றது என்ன? எழுத்தின் வடிவமா? இல்லை. விரலின் அழுத்தமா? அதுவும் இல்லை. சென்றவை எட்டு எண்கள், அவ்வளவே! அந்த எண்களை முறைப்படி அனுப்பும் எந்தப் பொருளையும் கணிப்பொறி விசைப்பலகை என்றே ஏற்றுக்கொள்ளும். தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு மின்சுற்றுப் பலகைகூட இந்த வேடத்தைப் போட முடியும். எப்படி என்று பார்ப்போம்.

நீ யார்?

நுண்கட்டுப்படுத்தி என்பது கணக்கிடும் பகுதி, நினைவகம், வெளிக் கருவிகளோடு இணைவதற்கான கால்கள் ஆகிய யாவும் ஒரே சில்லில் அடங்கிய சிறு கணிப்பொறியாகும். 2012-ல் வெளிவந்த ஆர்டுயினோ லியோனார்டோ என்ற பலகையில் உள்ள ஏ.டி.மெகா32யு4 அத்தகைய ஒரு சில்லு. அதன் நிரல் நினைவகம் 32 கிலோபைட் மட்டுமே. ஆயினும் யு.எஸ்.பி. முறையில் நேரடியாகப் பேசும் திறன் அதற்குள்ளேயே அமைந்துள்ளது. இத்திறன் எல்லா நுண்கட்டுப்படுத்திகளுக்கும் கிடையாது.

வகுப்பில் புதிதாகச் சேர்ந்த மாணவனிடம் ஆசிரியர், "நீ யார்?" என்று கேட்பார் அல்லவா? கம்பியைச் செருகியதும் கணிப்பொறியும் அவ்வாறே கேட்கிறது. "நான் விசைப்பலகை" என்றோ, "நான் சுட்டி" என்றோ சில்லு பதில் அளிக்கிறது. கணிப்பொறி சான்றிதழ் எதுவும் கேட்பதில்லை. சொன்னதை அப்படியே நம்பிப் பதிவு செய்துகொள்கிறது.

எட்டு எண்கள்

பின்னர், சில மில்லி விநாடிகளுக்கு ஒருமுறை, "ஏதேனும் செய்தி உண்டா?" என்று கணிப்பொறி கேட்டுக்கொண்டே இருக்கும். சாதாரண விசைப்பலகையின் பதில், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கக்கூடிய எட்டு எண்களால் ஆனது. முதல் எண் ஷிப்ட், கண்ட்ரோல் போன்ற துணை விசைகளைக் குறிக்கும். இரண்டாவது எண்ணுக்கு வேலை இல்லை, அது 0. எஞ்சிய ஆறும் அழுத்தப்பட்டுள்ள விசைகளின் குறியெண்கள். 'ஏ' விசைக்கு 4, 'பி'க்கு 5, இப்படியே போய் 'இசட்'டுக்கு 29. இடப்பக்க ஷிப்டுக்கு முதல் எண் 2. ஆகவே பெரிய எழுத்து 'ஏ'யைப் பெற, சில்லு அனுப்ப வேண்டியது:

2, 0, 4, 0, 0, 0, 0, 0

அடுத்து எட்டுச் சுழிகளை அனுப்ப வேண்டும். விரலை எடுத்துவிட்டோம் என்பதற்கு அதுவே அடையாளம். அனுப்பாவிட்டால் விசை இன்னும் அழுந்தியிருப்பதாகக் கருதி, கணிப்பொறி அதே எழுத்தை வரிசையாக அடித்துத் தள்ளும்!

4 என்பது எழுத்தின் எண் அன்று, விசையின் எண் என்பதைக் கவனியுங்கள். கணிப்பொறியில் தமிழ்99 அமைப்பைத் தேர்ந்தெடுத்திருந்தால் அதே 4, 'அ' என்று திரையில் தோன்றும்.

சுட்டியின் மொழி இன்னும் எளியது. அடிப்படையில் மூன்று எண்கள் போதும்: பொத்தானுக்கு ஒன்று, பக்கவாட்டு நகர்வுக்கு ஒன்று, மேல்கீழ் நகர்வுக்கு ஒன்று. 0, 10, 0 என்றால் வலப்புறம் 10 அலகு நகர்; 0, –10, 0 என்றால் இடப்புறம் நகர்.

நன்மையும் தீமையும்

இந்த வேடத்தால் என்ன பயன்? விரல்களை அசைக்க இயலாத ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஒரு குழாயை வாயில் வைத்து அவரால் ஊதவும் உறிஞ்சவும் முடியும். காற்றழுத்த மாற்றத்தை ஓர் உணரி அளக்க, சில்லு அதைச் சுட்டியின் சொடுக்காக மாற்றி அனுப்பும். கணிப்பொறியில் தனி நிரல் எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஏனெனில் அது காண்பது ஒரு சாதாரணச் சுட்டியைத்தான்.

ஆனால் இதே நம்பிக்கை ஆபத்துக்கும் வழிவிடுகிறது. சேமிப்புக் குச்சிக்குள் உள்ள சில்லின் நிரலை மாற்றி, அதை விசைப்பலகையாக நடிக்க வைக்கலாம் என்று ஜெர்மனியைச் சேர்ந்த கார்ஸ்டன் நோல், யாக்கோப் லெல் ஆகியோர் 2014-ல் செய்து காட்டினர். அது தானாகவே கட்டளைகளைத் தட்டச்சு செய்துவிடும். கீழே கிடந்த குச்சியை எடுத்துச் செருகக் கூடாது என்று கூறுவதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? இச்சோதனையை நீங்களும் உங்கள் சொந்தக் கணிப்பொறியில், அல்லது உரியவரின் அனுமதி பெற்று மட்டுமே செய்ய வேண்டும். சில்லின் ஒரு காலில் சிறு நிலைமாற்றியைப் பொருத்தி, அதை மூடினால்தான் தட்டச்சு தொடங்கும்படி நிரல் எழுதுங்கள். இல்லையேல் செருகியவுடன் அது அடிக்கத் தொடங்கிவிடும். நிரலைத் திருத்தவும் விடாது.

இறுதியாக ஒரு கேள்வி. 'ஏ' எழுத்தை அடுத்தடுத்து இருமுறை அடிக்க வேண்டும். இடையில் எட்டுச் சுழிகளை அனுப்பாமல், 'ஏ'க்குரிய எண்களையே இருமுறை அனுப்பினால் போதாதா? சிந்தித்துப் பாருங்கள்.