ஒரு கிலோமீட்டருக்கு எட்டுப் பைசா

பெரம்பலூரிலிருந்து அரியலூர் சுமார் 30 கிலோமீட்டர். பெரம்பலூரில் ரயில் நிலையம் கிடையாது; சென்னைக்கு ரயில் பிடிப்பதென்றாலும் அரியலூருக்குத்தான் போக வேண்டும். 2007 நவம்பரில் அரியலூர் மறுபடி தனி மாவட்டம் ஆனபிறகு இந்த ஊர்க்காரருக்கு அந்த ஊரில் வேலை, அந்த ஊர்க்காரருக்கு இந்த ஊரில் வேலை என்று ஆகிவிட்டது. காலை எட்டரை மணிக்கு தேசிய நெடுஞ்சாலை 136-இல் நின்றால் டி.என். 46 வண்டிகளும் டி.என். 61 வண்டிகளும் எதிரெதிராகப் போவதைப் பார்க்கலாம். அதிகம் கண்ணில் படுவது ஸ்பிளெண்டரும் எக்ஸ்.எல்லும்தான்.

அப்படிப் போய்வரும் ஒரு ஸ்பிளெண்டருக்குக் கணக்கு எழுதிப் பார்ப்போம். நாளுக்கு 60 கி.மீ., மாதம் 25 நாள். ஆண்டுக்கு 18,000 கி.மீ. லிட்டருக்கு 60 கி.மீ. கொடுத்தால் 300 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும் 30,000 ரூபாய். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 67 பைசா.

இப்போது ஆயில். 900 மி.லி. டப்பா 400 ரூபாய், கூலியும் வாஷரும் சேர்த்து 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடைக்குக் கடை பத்து இருபது முன்னே பின்னே இருக்கும். கணக்கின் போக்கு மாறாது.

6,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றினால்: ஆண்டுக்கு 3 தடவை, 1,500 ரூபாய், கி.மீ.க்கு 8.3 பைசா.
3,000 கி.மீ.க்கு ஒருமுறை: 6 தடவை, 3,000 ரூபாய், 16.7 பைசா.
2,000 கி.மீ.க்கு ஒருமுறை: 9 தடவை, 4,500 ரூபாய், 25 பைசா.

வண்டியோடு வரும் கையேடு சொல்வது முதல் வரி. 6,000-இல் மாற்று, நடுவே 3,000-இல் அளவு பார்த்துக் குறைந்திருந்தால் ஊற்று என்கிறது ஹீரோ. ஒர்க்‌ஷாப்பில் சொல்வது பெரும்பாலும் இரண்டாவது வரி, சில சமயம் மூன்றாவது. "அண்ணே, ஆயில் கருத்துப்போச்சு, மாத்திருவோம்" என்று டிப் ஸ்டிக்கைத் துடைத்துக் காட்டும்போது மறுத்துப் பேச யாருக்கும் வாய் வராது. ஆனால் ஆயில் கருப்பது கெட்டதற்கு அடையாளம் அல்ல. எரிந்த பெட்ரோலின் கரியைப் பிஸ்டனில் ஒட்டவிடாமல் தன்னுள் மிதக்க வைத்துக்கொள்ளும் மருந்து அதில் கலந்திருக்கிறது. கரி ஆயிலில் இருந்தால் எஞ்சினில் படியவில்லை என்று பொருள். ஊற்றி 3,000 கி.மீ. ஓடியும் தேன் நிறம் மாறாத ஆயிலைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

முதல் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் உள்ள வித்தியாசம் 3,000 ரூபாய், ஒரு மாதப் பெட்ரோல் செலவைவிட 500 ரூபாய் அதிகம். அந்தப் பணத்தை வேறு எங்கே போட்டால் எஞ்சினுக்கு நல்லது என்பதுதான் இந்தக் கணக்கை நான் எழுத உட்கார்ந்த காரணம்.

டப்பாவில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது கெட்டித்தன்மை. ஸ்பிளெண்டருக்கு 10டபிள்யூ30, பல்சர் 150-க்கு 20டபிள்யூ50, புல்லட் வகைக்கு 15டபிள்யூ50 என்று அந்தந்தக் கம்பெனியே சொல்லியிருக்கிறது. டபிள்யூவுக்கு முன்னால் நிற்கும் எண் குளிரில் எஞ்சின் சுழலுமா என்பதற்கானது. 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். மார்கழி விடியலில்கூட நம் ஊரில் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஆகவே அந்த எண்ணுக்காக யாரும் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. பின்னால் நிற்கும் எண்தான் இங்கே வேலை செய்வது. 100 டிகிரி சூட்டில் 30 என்றால் 9.3 முதல் 12.5 வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை சென்டிஸ்டோக்ஸ். 30 கேட்கும் எஞ்சினில் 50 ஊற்றினால், குறைந்தது 30 சதவீதம் கூடுதல் கெட்டியான திரவத்தை அந்தச் சின்ன பம்ப் தள்ளியாக வேண்டும். "வெயில் ஊருக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. சித்திரை வெயில் 40 டிகிரி. எஞ்சின் ஆயிலின் சூடு அதைவிட மிக அதிகம். எஞ்சினை வடிவமைத்தவர்கள் அதை எண்ணித்தான் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, ஜாசோ எம்.ஏ. என்ற எழுத்து. காரில் கிளட்ச் தனியாக உலர்ந்து கிடக்கும். மோட்டார் சைக்கிளில் எஞ்சின், கியர், கிளட்ச் பிளேட் மூன்றும் ஒரே 0.8 லிட்டர் ஆயிலில் குளிக்கின்றன. பெட்ரோலை மிச்சப்படுத்தக் கார் ஆயிலில் வழுக்கும் மருந்துகளைக் கூட்டத் தொடங்கியபோது அது பைக் கிளட்சுக்கு ஆகாமல் போனது. ஆகவே ஜப்பானியர்கள் 1998-இல் தனித் தரம் வகுத்தார்கள். 2006-இல் அதை எம்.ஏ.1, எம்.ஏ.2 என்று பிரித்தார்கள். கியர் பைக்குக்கு எம்.ஏ. வகை. ஆக்டிவா போன்ற ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலில் நனையாததால் எம்.பி. போதும். எம்.பி. டப்பாவை பைக்கில் ஊற்றிவிட்டு, கிளட்ச் ஸ்லிப் ஆகிறது என்று பிளேட் செட் மாற்றியவர்கள் உண்டு. டிராக்டருக்கு வாங்கி மிச்சமான ஆயிலும் இதே கணக்குத்தான்; டீசல் எஞ்சினுக்கு அது நல்ல ஆயில், கிளட்ச் பிளேட்டுக்காகச் சோதித்த ஆயில் அல்ல.

மூன்றாவது, எஸ்.ஜே., எஸ்.எல்., எஸ்.என். என்று போகும் அமெரிக்கத் தர எழுத்து. ஆங்கில அகரவரிசையில் பிந்தியது புதியது. எஸ்.எல். 2001, எஸ்.என். 2010. கையேடு கேட்டதோ அதற்குப் பிந்தியதோ இருந்தால் சரி. இதில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

சிந்தெடிக் ஆயில் வாங்கலாமா என்று கேட்பார்கள். லிட்டர் 900 ரூபாய் என்று வைத்தால், 6,000-க்கு ஒருமுறை மாற்ற ஆண்டுக்கு 3,000 ரூபாய். 3,000 கி.மீ.க்கு ஒருமுறை சாதா ஆயில் மாற்றும் செலவும் அதேதான். இரண்டில் ஒன்று என்றால் 100 சி.சி. வண்டிக்கு நான் இரண்டையும் எடுக்க மாட்டேன். நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் விரட்டும் பெரிய எஞ்சினுக்கு அந்தப் பணம் பொருந்தும்.

இனி ஃபில்டர். பல்சரில் காகித ஆயில் ஃபில்டர் இருக்கிறது. நூறு ரூபாய்க்குள் முடிகிற பொருள். ஸ்பிளெண்டரில் அப்படி ஒன்றே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. அடியில் ஒரு கம்பி வலைச் சல்லடை, கிராங்க் நுனியில் ஒரு சுழலும் கிண்ணம், அவ்வளவுதான். கிண்ணம் சுழலும் வேகத்தில் அழுக்கு ஓரத்துக்கு வீசப்பட்டு அங்கேயே பிடித்துக்கொள்கிறது, தயிர் கடையும்போது வெண்ணெய் ஒதுங்குவதுபோல. நிமிடத்துக்கு 5,000 சுற்று, ஆரம் 3 செ.மீ. என்று கொண்டால், அந்த விளிம்பில் அழுக்குத் துகளை வெளியே தள்ளும் விசை அதன் எடையைப்போல் 800 மடங்குக்கு மேல் வருகிறது. இந்தக் கிண்ணத்தை 12,000 கி.மீ.க்கு ஒருமுறையாவது திறந்து வழிக்க வேண்டும். வலதுபக்கக் கவரைக் கழற்ற வேண்டும், புது பேக்கிங் போட வேண்டும், அரை நாள் வேலை. அதனால்தான் யாரும் தாமாகச் செய்து தருவதில்லை. கேட்டு வாங்க வேண்டிய வேலை இது. மேற்சொன்ன 3,000 ரூபாயில் ஒரு பங்கு இதற்குப் போகட்டும்.

இன்னொரு பங்கு ஏர் ஃபில்டருக்கு. ஆயிலுக்குள் மண் எங்கிருந்து வருகிறது? டப்பாவிலிருந்து அல்ல, எஞ்சின் இழுக்கும் காற்றிலிருந்து. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 11 கிலோ காற்று வேண்டும். பருமனில் 9,500 லிட்டர். ஆண்டுக்கு 300 லிட்டர் பெட்ரோல் என்றால் 28 லட்சம் லிட்டர் காற்று, அதாவது 2,800 கன மீட்டருக்கு மேல். நுண்தூசுக்கு நாடு வகுத்திருக்கும் வரம்பு, நாள் சராசரியாகக் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். அந்த வரம்புக்குள்ளேயே காற்று இருந்தாலும் ஆண்டுக்கு 0.28 கிராம் தூசு ஏர் ஃபில்டரின் வாசலுக்கு வரும். சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் போகும்போது அது பத்து மடங்கு என்று வைத்தால் 2.8 கிராம், அரைத் தேக்கரண்டி. 0.8 லிட்டர் ஆயிலில் அரைத் தேக்கரண்டி மண்ணைக் கலக்க யாருக்காவது மனம் வருமா?

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கிடந்த கடல் விட்டுப்போனது. அதை நம்பித்தான் இத்தனை சிமெண்ட் ஆலைகள் இங்கே வந்தன. அந்தக் கல் மென்மையானது. மோஸ் அளவில் 3. எஞ்சினுக்கு எமன் வேறு: செம்மண்ணிலும் ஜல்லிப் பொடியிலும் இருக்கும் குவார்ட்ஸ் மணல், மோஸ் அளவில் 7. எஃகையே கீறிவிடும். பெரம்பலூர்ப் பக்கத்து ஜல்லி குவாரிச் சாலையில் ஓடும் வண்டிக்கு, அரியலூரின் வெள்ளைத் தூசில் ஓடும் வண்டியைவிட முன்னதாகவே போர் தேய்ந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். தூசின் நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது.

ஏர் ஃபில்டர் 200 ரூபாய் என்று வைத்து 9,000 கி.மீ.க்கு ஒன்று மாற்றினால் ஆண்டுக்கு 400 ரூபாய், கி.மீ.க்கு 2.2 பைசா. இப்போதைய பல வண்டிகளில் எண்ணெய் தோய்த்த காகித ஃபில்டர் வருகிறது. அதைக் கம்ப்ரசரில் ஏர் அடித்துச் சுத்தம் செய்யக் கூடாது. தூசைப் பிடிக்கும் எண்ணெய்ப் பசை போய்விடும். கார்புரேட்டர் வண்டியில் அடைத்த ஃபில்டர் பெட்ரோலையும் தின்னும். 60 கொடுத்த வண்டி 57 கொடுத்தால் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 16 லிட்டர், 1,580 ரூபாய். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் மைலேஜ் அவ்வளவு குறையாது, இழுவைதான் குறையும்.

எல்லாவற்றையும்விட நான் அதிகம் கவலைப்படுவது காசே செலவாகாத ஒன்றைப் பற்றி: ஆயில் அளவு. போர் தேய்ந்த ஒரு வண்டி 1,000 கி.மீ.க்கு 100 மி.லி. ஆயில் குடிக்கிறது என்று வையுங்கள். ஊற்றியது 800 மி.லி. 3,000 கி.மீ.யில் 500 மிச்சம். பார்க்காமல் 6,000 வரை ஓட்டினால் 200. ஒரு டம்ளர் அளவு. அந்த ஒரு டம்ளர்தான் பிஸ்டனையும் கியரையும் கிளட்சையும் காப்பாற்ற வேண்டும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் 6,000 கி.மீ. என்பது 120 மணி நேரம். நிமிடத்துக்கு 5,000 சுற்று என்றால் மொத்தம் 3 கோடியே 60 லட்சம் சுற்று. "ஆயில் மாத்துனேனே, எப்படி சீஸ் ஆச்சு?" என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: நடுவில் எத்தனை தடவை ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தீர்கள்?

இந்தப் பழக்கம் இங்கே வராததற்கு ஒரு காரணம் உண்டு. பல வீடுகளில் முதல் வண்டி பழைய எக்ஸ்.எல். அது 70 சி.சி. டூ ஸ்ட்ரோக், பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றினால் எரிந்து போய்விடும். எஞ்சின் ஆயிலை இறக்கி மாற்றும் வேலை அதில் இல்லை. 2015-இல் எக்ஸ்.எல். 100 நான்கு ஸ்ட்ரோக்காக வந்தது. தோற்றம் ஏறக்குறைய அதே. வெங்காய மூட்டையும் பருத்தி மூட்டையும் ஏற்றிப் பழகிய அப்பாவுக்கு, இதன் வயிற்றுக்குள் தனியாக ஆயில் இருக்கிறது, அது குறையும், கெடும் என்று யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். அதிலும் வீட்டுக்கும் காட்டுக்கும் 3 கி.மீ. மட்டும் ஓடும் வண்டியில் ஆயில் முழுதாகச் சூடேறுவதில்லை. எஞ்சினுக்குள் கோக்கும் ஈரம் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கும். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் அப்படிப்பட்ட வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றிவிடுவது நல்லது.

ஸ்பிளெண்டரில் அளவு பார்க்கும் முறை: மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஸ்டிக்கைத் துடைத்து உள்ளே விட வேண்டும். மரை திருகக் கூடாது. சும்மா உட்கார வைத்து எடுக்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டியும் ஊற்றக் கூடாது. 900 மி.லி. டப்பாவில் 0.8 லிட்டர் ஊற்றியபின் மிஞ்சும் 100 மி.லி.யை, காசு கொடுத்தோமே என்று உள்ளே கவிழ்ப்பதைப் பார்க்கிறேன். அதிக ஆயில் நுரைக்கும், சீல் வழியே கசியும். அந்த 100 மி.லி.யின் விலை 44 ரூபாய். மூடி போட்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள், 3,000 கி.மீ.யில் அதுதான் உதவும்.

இறக்கிய ஆயிலுக்கும் கணக்கு உண்டு. 10,000 வண்டி, ஆண்டுக்கு 3 தடவை, தடவைக்கு 0.8 லிட்டர்: 24,000 லிட்டர், 200 லிட்டர் பேரலில் 120 பேரல். கொஞ்சம் சென்ட்ரிங் பலகைக்குப் போகிறது, கொஞ்சம் கரையானுக்காக மரத்தூணில் பூசப்படுகிறது, கொஞ்சம் சாக்கடைக்கும் போகிறது. ஒரு லிட்டர் கழிவு ஆயில் பத்து லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. 2024 ஏப்ரல் 1 முதல் கழிவு ஆயிலை மறுசுத்திகரிப்புக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை ஆயில் தயாரிப்போர் மீதும் இறக்குமதி செய்வோர் மீதும் மத்திய அரசு வைத்திருக்கிறது. அது நம் தெருமுனை ஒர்க்‌ஷாப் வரை வந்து சேரட்டும். அதுவரை பழைய ஆயிலை மண்ணில் ஊற்றாமல் கேனில் பிடித்துவைத்து, வாங்க வருபவரிடம் கொடுக்கும் மெக்கானிக்கிடம்தான் நான் வண்டியை விடுகிறேன்.

காலி டப்பாவை மட்டும் அங்கே விட்டு வருவதில்லை. முழு டப்பா போலவே தெரியும் சுத்தமான காலி டப்பாவுக்கு விலை இருக்கிறது. லூஸ் ஆயிலை அதில் நிரப்பி மூடி ஒட்டினால் 400 ரூபாய். வாங்கும்போது சீலை நானே உடைக்கிறேன். ஊற்றி முடித்ததும் டப்பாவின் வயிற்றில் ஸ்குரூ டிரைவரால் ஒரு குத்து.