மருட்கையும் புதினத் தேர்வும்

அறிவியற் புனைவும், மாயமும் மந்திரமும் பயிலும் மிகுபுனைவும் ஆங்கிலத்தில் ஆண்டுதோறும் மிகப் பலவாக வெளிவருகின்றன. அவற்றுள் தம் சுவைக்கு இயைந்ததைத் தேர்வது எங்ஙனம் என்பது பயில்வார்க்கு எழும் வினா. புகழ் கேட்டு ஒரு நூலை எடுத்து, இடையில் சலிப்புற்று, அவ்வகை முழுவதையுமே ஒதுக்குவார் உளர். ஒவ்வாதது அந்நூலேயன்றி அவ்வகையன்று. ஒரு நூலின் பொருட்டு ஒரு துறையையே இழத்தல் இலக்கியம் பயில்வார்க்குச் சிறிய இழப்பன்று.

பதிப்பகத்தார் இடும் வகைப்பெயர் இத்தேர்வுக்குப் போதாது. பிராங்க் எர்பர்ட் 1965 இல் வெளியிட்ட 'டியூன்' அறிவியற் புனைவெனப்படும். விண்வெளிப் பயணம் அதன்கண் உண்டு. அரசகுடிப் பகையும் வருவதுரைக்கும் ஆற்றலும் உண்டு. அதில் தோய்ந்தவர் இவற்றுள் எதன்கண் தோய்ந்தார் என்பதை வகைப்பெயர் காட்டாது.

ஆதலின் நூல் தரும் வியப்பின் இயல்பை நோக்குதல் தகும். எண்வகை மெய்ப்பாட்டுள் ஒன்றாகிய மருட்கை, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கும் பற்றிப் பிறக்கும் என்பர் தொல்காப்பியர். அந்நூற்பா இப்புதினங்களை நோக்கி எழுந்ததன்று. எனினும் நம் சுவையைப் பகுத்தறிய உதவும் அளவுகோலாக அதனைக் கொள்ளலாம்.

புதுமைக்கு ஆர்தர் சி. கிளார்க்கின் 'ரெண்டெவூ வித் ராமா' (1973) சான்றாகும். ஞாயிற்று மண்டலத்துட் புகுந்த அயற்கலம் ஒன்றினுள் மாந்தர் சென்று காண்கின்றனர். அதனை இயற்றியோரைக் காணாமலே மீள்கின்றனர். காணாதன காண விழைவார்க்கு அது விருந்து. கதைமாந்தரின் உள்ளப் போராட்டம் நாடுவார்க்கு அங்குப் பெறுவது சிறிதே.

பெருமைக்கு டோல்கீனின் 'தி லார்ட் ஆப் தி ரிங்ஸ்' (1954–55) ஏற்றது. நிலம், மொழி, குலமரபு, பல்லூழி வரலாறு எனப் பரந்ததோர் உலகு அதன்கண் விரிகின்றது. சீன எழுத்தாளர் லியூ சிசினின் 'தி த்ரீ பாடி ப்ராப்ளம்' அறிவியற் புனைவாயினும் அண்டத்தின் பேரளவு காட்டியே நம்மை மருளச் செய்கின்றது. வகையால் வேறாயினும் வியப்பால் இவை உறவுடையன.

சிறுமைக்கு ரிச்சர்ட் மாத்திசனின் 'தி ஷ்ரிங்கிங் மேன்' (1956) காட்டாகும். நாள்தோறும் உடல் சுருங்கும் ஒருவனுக்கு நிலவறைச் சிலந்தி கொடும்பகையாகின்றது. ஒன்று பிறிதொன்றாகத் திரியும் ஆக்கத்தினை டேனியல் கீசின் 'ஃபிளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னான்' (1966) உணர்த்தும். அறுவை மருத்துவத்தால் அறிவு பெருகிப் பின் தேயும் சார்லி, தன் நிலையைத் தானே எழுதுகின்றான். அவன் அறிவோடு அவன் நடையும் வளர்ந்து தளர்கின்றது. 'ராமா'வில் சலித்தவர் இந்நூலில் தாம் நாடியதைக் காணக்கூடும்.

இனி, புதிய நூல்களை அறியும் வழி. 1953 இல் தொடங்கிய ஊகோ விருது, உலக அறிவியற் புனைவு மாநாட்டு உறுப்பினர் வாக்கால் அமைவது. 1966 முதல் வழங்கப்பெறும் நெபுலா, எழுத்தாளர் சங்கத்தார் வாக்கால் அமைவது. 1987 இல் தோன்றிய ஆர்தர் சி. கிளார்க் விருது நடுவர் குழுவின் முடிபு. முதலாவது ஆர்வலர் விருப்பையும், இரண்டாவது எழுதுவோர் மதிப்பையும், மூன்றாவது நடுவர் ஆய்வையும் காட்டும். லியூவின் நூல் 2014 இல் ஆங்கிலமாகி 2015 இல் ஊகோ பெற்றது, என். கே. ஜெமிசின் 2016 முதல் 2018 வரை மூன்றாண்டும் தொடர்ந்து அவ்விருதைப் பெற்றார்.

வென்ற நூலை மட்டும் நோக்காது, இறுதிப் பட்டியல் முழுவதையும் நோக்குதல் வேண்டும். முந்தைய ஆண்டுகளின் பட்டியல்களில் தாம் சுவைத்த நூல்களைக் குறித்து வருக. அவை எவ்விருதின் பட்டியலில் மிகுதியோ, அதுவே அவருக்கு வழிகாட்டி. பின்னர்ப் புதுநூலின் முதல் இயலைப் பயின்று, ஆசிரியர் எதனை விரித்துரைக்கின்றார், எதனைச் சுருக்கிச் செல்கின்றார் என்று காண்க. விரித்தவிடமே அந்நூலின் மருட்கை நிற்கும் இடம். தம் சுவை இன்னதெனத் தெளிந்தார்க்கே பிறர் பட்டியல் பயன்படும் என்பது எம் கருத்து.