காண்டெசாவுக்குக் கூடுதல் குதிரை: எலும்பு தாங்குமா?

பெங்களூர் காக்ஸ் டவுன் வீலர் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்து போகிறவர்கள் அபூர்வமாக ஒரு காண்டெசா காரைப் பார்க்கலாம். நீண்ட மூக்கு. அகன்ற உடல். அமெரிக்க சினிமாவில் வரும் காரைப் போல ஒரு மிடுக்கு. இந்தியாவின் 'மசில் கார்' என்று வாலிபர்கள் அதற்குப் பட்டம் சூட்டி இருக்கிறார்கள்.

உடம்புதான் பயில்வான். 1984-ல் அது விற்பனைக்கு வந்தபோது உள்ளே இருந்த இதயம் அம்பாசிடருடையது!

பிரிட்டனின் வாக்ஸ்ஹால் விக்டர் காரின் உடலை வாங்கி, கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதை உருவாக்கியது. என்ஜின் மட்டும் பழைய 1,489 சி.சி. சக்தி ஏறக்குறைய 50 குதிரை. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள காரை அது இழுக்க வேண்டும். மேம்பாலத்தில் ஏறும்போது பின்னால் வரும் ஆட்டோ ஹாரன் அடித்தால் சொந்தக்காரருக்கு ரோஷம் வராதா?

அந்த ரோஷத்தில்தான் வினை தொடங்குகிறது. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஆசையாக ஒரு பழைய காண்டெசா வாங்கியவர், பட்டறை வாசலில் போய் நிற்கிறார். "போர் பண்ணி, ஹெட்டை இழைத்து, ரெட்டைக் கார்புரேட்டர் போட்டால் பறக்கும் சார்" என்கிறார்கள். பறக்கும், பொய் இல்லை. எத்தனை நாள் பறக்கும் என்பதுதான் கேள்வி.

மூன்றே தோள்கள்

இந்த என்ஜின் ஆஸ்டின் கம்பெனியில் பிறந்தது. 'பி சீரிஸ்' என்று பெயர். நான்கு பிஸ்டன்கள் அடிக்கும் அடியை வாங்கிச் சுழலும் கிராங்க் ஷாப்டை மூன்று மெயின் பேரிங்குகள்தான் தாங்குகின்றன. நாலு பேர் ஏறிய பல்லக்கை மூன்று பேர் சுமக்கிற கதை. வேகம் கூடினால் ஷாப்ட் நடுவில் வில்லாக வளைய முயலும்.

இதை எவ்வளவு விரட்டலாம் என்று வெள்ளைக்காரர்களே சோதித்துப் பார்த்து விட்டார்கள். 1955-ல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் இதே 1,489 சி.சி. என்ஜின், இரட்டைக் கார்புரேட்டருடன் முதலில் 68, பிறகு 72 குதிரை சக்தி கொடுத்தது. அதோடு நிற்கவில்லை. 1958-ல் 'டுவின் கேம்' என்ற புது ஹெட் மாட்டி 108 குதிரை வரை ஏற்றினார்கள். பிஸ்டன்களில் ஓட்டை விழுந்தது! 2,111 கார்களோடு 1960-ல் அதை நிறுத்தினார்கள். பின்பு வந்த எம்.ஜி.பி. காரில் என்ஜின் 1,798 சி.சி. ஆனது. அதற்கு 1964-ல் ஐந்து மெயின் பேரிங் வைத்தார்கள்.

ஆக, 70 குதிரை என்பது புத்தம் புது இரும்பில், கம்பெனி என்ஜினீயர்கள் எட்டிய கணக்கு. நாற்பது வருடக் கிழத்திடம் அதைக் கேட்பது நியாயமா என்று யோசிக்க வேண்டும்.

ஒன்றேகால் மடங்கு வேகம், ஒன்றரை மடங்கு அடி

நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடும் என்ஜினை 5,000-க்கு ஏற்றினால் வேகம் கூடுவது 25 சதவீதம். ஆனால் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் திரும்பும்போது ஏற்படும் இழுவிசை 56 சதவீதம் கூடிவிடும். 5,000 சுற்றில் ஒவ்வொரு பிஸ்டனும் நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவை நின்று திரும்புகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிவது போல, இரும்பும் களைத்துப்போய் ஒரு நாள் ஒடியும்.

இதில் பட்டறையின் கைவண்ணமும் சேரும். தேய்ந்த கிராங்க் ஷாப்டை லேத்தில் கிரைண்டிங் செய்யும்போது, ஓரத்தில் இருக்கும் சிறு வளைவைக் கூர்மையாக வெட்டி விட்டால் விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். கண்ணுக்குத் தெரியாது. போர் விஷயமும் அப்படித்தான். பல தடவை பெரிதாக்கிய சிலிண்டரின் சுவர் மெலிந்திருக்கும். ஹெட்டை இழைத்தால் கம்ப்ரஷன் ஏறும், கூடவே 'நாக்கிங்' வரும், ஹெட் காஸ்கெட் போகும்.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் அல்ல. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ம் ஆண்டோடு போயிற்று. வால்வு உட்காரும் இடத்தை அந்த ஈயம்தான் தேயாமல் காத்து வந்தது. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய கார்புரேட்டரை அதற்கேற்பச் சரி செய்யாவிட்டால் கலவை வறண்டு, என்ஜின் சூடேறும்.

ரெயில்வே செய்த வழி

பெங்களூர் கிழக்கு ஸ்டேஷனில் இருந்து இரண்டாவது ஸ்டேஷன் கிருஷ்ணராஜபுரம். அங்குள்ள டீசல் ஷெட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. 'டபிள்யூ.டி.எம்.2' என்ஜினின் சக்தி 2,600 குதிரை. பாட்டியாலா தொழிற்சாலையில் அதைப் புதுப்பித்து 3,100 ஆக்கினார்கள். டீசலை மட்டும் கூடுதலாக ஊற்றி அல்ல. டர்போ சார்ஜர், குளிர்விக்கும் கூலர், கேம் ஷாப்ட், பிஸ்டன் என்று சுமையை வாங்கும் உறுப்புகளையே மாற்றினார்கள்.

இந்துஸ்தான் மோட்டார்சும் கடைசியில் பழைய என்ஜினை முறுக்கவில்லை. ஜப்பானின் இசுசு 1,817 சி.சி. என்ஜினைப் பொருத்தியது. சக்தி 88 குதிரை. கூடவே ஐந்து கியர் பெட்டி. காண்டெசா 2002-ல் நின்று போகும் வரை பெயர் வாங்கிக் கொடுத்தது அந்த என்ஜின்தான்.

எனவே முதல் மாடல் வைத்திருக்கும் சிலர் இசுசு என்ஜினையே தேடி மாற்றிக் கொள்கிறார்கள். செலவு உண்டு, உதிரி பாகத்துக்கு அலைச்சலும் உண்டு. ஆர்.டி.ஓ. அனுமதியும் வேண்டும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் புது என்ஜின் நம்பர் ஏறாமல் விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரரிடம் வழக்காட வேண்டி வரும்.

விஷயம் தெரிந்த மெக்கானிக், கார் வந்ததும் ஸ்பேனரை எடுக்க மாட்டார். என்ஜினை நன்றாகச் சூடாக ஓடவிட்டு ஆயில் பிரஷரைப் பார்ப்பார். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷனை அளந்து சுவரில் சாக்பீசால் எழுதுவார். நான்கில் ஒன்று குறைந்தாலும், "முதலில் இதைப் பார்ப்போம். குதிரையை அப்புறம் கட்டலாம்" என்பார்.