மூன்று குன்று, ஒரு வாசல்

சிங்கவரத்துக்குப் பக்கத்தில் உள்ள செஞ்சிக் கோட்டையை ஒரே கோட்டையாகப் பேசுவது நம் வழக்கம். உண்மையில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை மதிலால் வளைத்துச் சேர்த்ததுதான் அது. மூன்று சர்வர்களை வாங்கி, சொந்த இடத்தில் குபெர்னெட்டிஸ் கிளஸ்டர் அமைக்கிற நிறுவனத்தின் கதையும் இதுதான். குன்றுகள் ஏற்கெனவே இருக்கின்றன. பாடுபட வேண்டியது மதிலுக்கு. கிளவுடில் 'லோடு பேலன்சர் வேண்டும்' என்று கேட்டால் விற்பவர் ஒன்றைத் தந்துவிடுவார். சொந்த இயந்திரங்களில் கேட்டால் வெளி முகவரி வரவேண்டிய இடத்தில் 'பெண்டிங்' என்ற சொல் நாள்கணக்கில் நிற்கும். இது பழுதல்ல. கேட்கும் முறையை மட்டும் குபெர்னெட்டிஸ் வகுத்திருக்கிறது, கொடுக்கும் கையை அது தானே வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கப் பலரும் நாடும் மெட்டல்எல்பியை எளிய லேயர்-2 முறையில் வைத்தால், ஒரு முகவரிக்கு ஒரே ஒரு நோடுதான் (கிளஸ்டரில் உள்ள ஒரு சர்வர்தான்) 'நான் இருக்கிறேன்' என்று பதில் சொல்லும். அந்த முகவரிக்கு வரும் போக்குவரத்து முழுவதும் அதன் வழியாகத்தான் நுழையும். அது விழுந்தால் இன்னொன்று பொறுப்பேற்கும், அவ்வளவே. மூன்று குன்று இருந்தும் வாசல் ஒன்று. பெயரைப் பார்த்துச் சுமை பகிரப்படுவதாக நம்புகிறவர், நெரிசலுக்கான காரணத்தைத் தவறான இடத்தில் தேடுவார்.

உள்ளே போன பிறகாவது சமமாகப் பிரிகிறதா? பிரிகிறது, ஆனால் இணைப்புக்கு இணைப்பு. கோரிக்கைக்குக் கோரிக்கை அல்ல. கியூப்-ப்ராக்ஸி ஐபிடேபிள்ஸ் முறையில் புதிதாக வரும் ஒவ்வொரு இணைப்பையும் ஏதோ ஒரு பாடுக்கு (நிரல் ஓடும் அலகான pod-க்கு) சீட்டுக் குலுக்கி அனுப்புகிறது. ஜிஆர்பிசி போலத் திறந்த இணைப்பை மூடாமல் வைத்து, அதிலேயே ஆயிரம் கோரிக்கைகளை அனுப்பும் நிரலுக்குக் குலுக்கல் ஒரு தடவைதான். ஒரு பாடு மூச்சுத் திணற, பக்கத்தில் இரண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். இதற்கு நான்காவது பாடைச் சேர்ப்பதுதான் வழக்கமான வைத்தியம். பழைய இணைப்பு அறுபடாதவரை அந்த நான்காவதும் சும்மாதான் இருக்கும்.

ஆகவே என் வாதம் இது: சொந்த கிளஸ்டரில் பழுது பெரும்பாலும் பெட்டிகளில் இல்லை, யாரும் எழுதி வைக்காத இணைப்புகளில் இருக்கிறது. ரெடிட் தளம் 2023 மார்ச் 14 அன்று 314 நிமிடம் முடங்கியதைப் பாருங்கள். குபெர்னெட்டிஸை 1.23-லிருந்து 1.24-க்கு உயர்த்தினார்கள். பாடுகளுக்கிடையே வழி சொல்லும் கேலிகோ, எந்த நோடுகள் வழித்தகவலைப் பரப்ப வேண்டும் என்பதை 'மாஸ்டர்' என்ற லேபிளை வைத்து அடையாளம் கண்டுவந்தது. 1.24 பதிப்பில் அந்த லேபிள் நீக்கப்பட்டிருந்தது. ஒரு சொல் போனது, வழியெல்லாம் போயிற்று. காரணம் பிடிபடாமல், பழைய பிரதியிலிருந்து கிளஸ்டரை மீட்டார்கள். லேபிள் விஷயம் தெரிந்தது அதன் பிறகுதான். திறமைக்குக் குறைவில்லாத குழுவுக்கே இந்தக் கதி.

'அப்படியானால் சிறிய நிறுவனம் கிளவுடுக்கே போகட்டுமே' என்பார்கள். நியாயமான கேள்வி; தனி ஆள் வைக்க முடியாதவர்களுக்கு அதுவே நல்லது. ஆனால் வாடகைக்குக் கிடைப்பது வாசல் மட்டும்தான். மேலே சொன்ன ஜிஆர்பிசிச் சிக்கல் கிளவுடிலும் அப்படியே தொடரும். ஸோஹோ போன்றவர்கள் சொந்த டேட்டா சென்டர்களையே நம்பித் தொழில் நடத்துவதையும் மறக்க வேண்டாம். 'ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறதே, பிறகென்ன?' என்பது இன்னொரு வாதம். சரியாகும்தான். தேங்கிய இணைப்புகள் அறுந்து, குலுக்கல் புதிதாக நடக்கும். தடயமும் கூடவே அழியும். ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கலாம். முகவரியை இப்போது எந்த நோடு பிடித்திருக்கிறது? அதே நோடிலிருந்து பாடை நேராகத் தொட்டால் பதில் வருகிறதா? அடுத்த நோடிலிருந்து தொட்டால்? சிறு பதில்கள் ஓடிவந்து, பெரிய கோப்புகள் மட்டும் தொங்கினால் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவான எம்டியுவைப் பார்க்க வேண்டும்: விஎக்ஸ்லான் உறை ஒவ்வொரு பாக்கெட்டிலும் 50 பைட்டை எடுத்துக்கொள்கிறது; 1500 ஓடும் கம்பியில் பாடுக்கு மிஞ்சுவது 1450.