கலாமுக்குச் சோறு பரிமாறிய வாத்தியார்

பெங்களூரில் 1960-களின் தொடக்கத்தில் ஒரு விசித்திர வண்டி சோதித்துப் பார்க்கப்பட்டது. அதற்குச் சக்கரம் கிடையாது. காற்றைக் கீழ்நோக்கிப் பீய்ச்சி, அந்தக் காற்றின் மேலேயே தரையைத் தொடாமல் மிதந்து ஓடும். சிவபெருமானின் வாகனமான 'நந்தி'யின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அப்போதைய ராணுவ மந்திரி கிருஷ்ணமேனன் அதில் ஏறிப் பயணம் செய்தார்.

வண்டியை ஓட்டியவர், அதை உருவாக்கிய குழுவின் தலைவரான ஓர் இளம் என்ஜினீயர். எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் பயிற்சி பெற்று, டெல்லியில் மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு பெங்களூர் ஏ.டி.இ. விமான ஆய்வு நிறுவனத்துக்கு மாற்றலாகி வந்தவர். ராமேசுவரத்துத் தமிழர். பெயர் அப்துல் கலாம்.

பின்னாளில் அவர் ராக்கெட் விட்டதும், 2002-ம் ஆண்டு ஜனாதிபதி ஆனதும் ஊர் அறிந்த கதை. ஆனால் அந்த வாழ்க்கைக்கு வித்திட்டது ராமேசுவரம் தொடக்கப்பள்ளி.

கடைசி வரிசை

கலாம் 5-ம் வகுப்பு படித்த நேரம். தலையில் தொப்பியுடன் முன்வரிசையில் உட்காருவார். பக்கத்தில் அவருடைய நண்பன் ராமநாதன். ராமேசுவரம் கோவில் தலைமைக் குருக்கள் லட்சுமண சாஸ்திரியின் மகன்.

புதிதாக வந்த ஓர் ஆசிரியருக்கு இது பொறுக்கவில்லை. குருக்கள் மகன் அருகே முஸ்லிம் பையன் உட்காருவதா என்று கருதி, கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார். கலாமின் மனம் நொந்தது. ராமநாதனோ அழுதுவிட்டான்.

செய்தி கேட்ட லட்சுமண சாஸ்திரி, ஆசிரியரை வரவழைத்துக் கண்டித்தார். பிஞ்சு மனங்களில் விஷத்தை விதைக்காதீர்கள் என்றார். ஆசிரியர் வருந்தினார், மனமும் மாறினார்.

கடற்கரையில் வகுப்பு

அதே பள்ளியில் இன்னொரு ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர். ஒரு நாள் கரும்பலகையில் பறவையின் படம் வரைந்து, அது எப்படிப் பறக்கிறது என்று விளக்கினார். புரிந்ததா என்று கேட்டார். புரியவில்லை என்றார் கலாம். மற்ற மாணவர்களுக்கும் அதே நிலைதான்.

ஐயர் கோபிக்கவில்லை. பிரம்பையும் எடுக்கவில்லை. மாலையில் அத்தனை பேரையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். இறக்கையை அடித்து எழும்புவதையும், வாலைத் திருப்பித் திசை மாறுவதையும் பறவைகளைக் காட்டியே விளக்கினார். வாழ்க்கையில் பறப்பது பற்றித்தான் படிக்க வேண்டும் என்ற ஆசை அன்றுதான் பிறந்தது என்று கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் விருந்து

ஐயர் கற்பித்தது அதோடு முடியவில்லை. ஒரு நாள் கலாமைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். ஆசாரம் மிகுந்த அவருடைய மனைவி, தம் சமையல் அறையில் முஸ்லிம் பையனுக்குப் பரிமாற மறுத்துவிட்டார். ஐயர் மனைவியைக் கடிந்துகொள்ளவில்லை. தாமே பரிமாறினார். பக்கத்தில் அமர்ந்து தாமும் சாப்பிட்டார்.

புறப்படும்போது, அடுத்த வாரமும் வரச் சொன்னார். கலாம் தயங்கினார். ஒரு வழக்கத்தை மாற்ற முனைந்தால் இதையெல்லாம் எதிர்கொள்ளத்தான் வேண்டும் என்று ஐயர் தைரியம் சொன்னார். அடுத்த வாரம் அந்த அம்மையாரே கலாமை உள்ளே அழைத்து, தம் கையால் உணவு பரிமாறினார்.

இவற்றை 'அக்கினிச் சிறகுகள்' என்ற தன்வரலாற்றில் கலாம் விவரித்திருக்கிறார். அதன் ஆங்கில நூல் 1999-ல் வெளிவந்தபோது அவருக்கு வயது 67. ஏறத்தாழ 60 ஆண்டு கழித்தும், கடைசி வரிசைக்குத் தள்ளியதும் மறக்கவில்லை. பக்கத்தில் அமர்ந்து சாப்பிட்டதும் மறக்கவில்லை. ஜனாதிபதி பதவிக்குப் பிறகு அவர் விரும்பி ஏற்றதும் ஆசிரியர் வேலைதான். 2015 ஜூலை 27-ல் ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசிக்கொண்டிருந்தபோதே சாய்ந்தார்.

பிழைப்புக்காகப் பெங்களூர் வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி என்று வளர்கிறார்கள். வகுப்பில் தானும் ஒருவன் என்ற எண்ணத்தை அவர்களுக்குத் தர ஆசிரியரால் முடியும், பறிக்கவும் முடியும். இது மார்க் பட்டியலில் தெரியாது. மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம் எத்தனை மார்க் என்று கேட்பதோடு, எந்த வரிசையில் உட்கார்ந்தாய், யாரோடு சாப்பிட்டாய் என்றும் பெற்றோர் கேட்க வேண்டும்.